மலையேற்றத்துக்குக் கத்தி வாங்கும்போது செய்யும் தவறுகள்

முதல்முறை டிரெக்கிங் போகிறவர்கள் வாங்கி வரும் கத்தி பெரும்பாலும் ஒரே ஜாடைதான்: ஒரு சாண் அலகு, முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் குட்டித் திசைகாட்டி. கேட்டால் விறகு பிளக்கலாம், கூடாரத்துக்குக் கம்பு வெட்டலாம் என்பார்கள். தமிழ்நாட்டுக் காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ அத்தனை உயிர்களைக் கொண்டுபோன பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விறகை விட்டுவிட்டால் கத்திக்கு மிஞ்சும் வேலை என்ன? வெங்காயம் நறுக்க, பொட்டலம் பிரிக்க, கயிறு அறுக்க, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரியை அளவாக வெட்ட. 7 முதல் 10 செ.மீ. அலகு இதற்குத் தாராளம். பிரான்சின் ஓப்பினெல் 8-ஆம் எண் மடக்குக் கத்திக்கு அலகு 8.5 செ.மீ., எடை சுமார் 50 கிராம். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் மடங்காத கத்தி. உறையோடு சேர்த்தே 120 கிராம்தான் வரும். 'சர்வைவல்' என்று விற்கும் தடிக்கத்திகளில் சில அரை கிலோவைத் தொடும். அந்த எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகச் சுமக்கலாமே! தடிமனையும் பாருங்கள். மோராவின் அலகு 2.5 மி.மீ.; 5, 6 மி.மீ. தடித்த அலகில் தக்காளி நறுங்காது, நசுங்கும்.

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் பூட்டைக் கவனிப்பதில்லை. பூட்டு இல்லாத பேனாக்கத்தியைக் குத்தித் திருகினால் அலகு மடங்கி விரலில் இறங்கும். ஓப்பினெல்லில் 1955 முதல் கழுத்தில் சுழலும் வளையம் உண்டு. அதைத் திருப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

கார்பன் எஃகு சுலபமாகச் சாணை ஏறும் என்பது உண்மை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை மழையில், ஈரத் தோலுறைக்குள் ஒரு இரவு கிடந்தாலே துருப்புள்ளி வந்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்கும். தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் உறையும் வாங்குங்கள்.

நான் அதிகம் பயப்படுவது மழுங்கிய கத்திக்குத்தான். கூர் இல்லையென்றால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும், மலைமேல் தையல் போட யாரும் இல்லை. கிளம்பும் முன் ஒரு தாளை அறுத்துப் பாருங்கள். இழுத்துக் கிழித்தால் சாணை பிடியுங்கள். கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம் போதும்.

விமானத்தில் போகிறீர்களென்றால் கைப்பையில் வைக்காதீர்கள். உறையிட்டு, துணி சுற்றி, செக்-இன் பையில் போடுங்கள். வீட்டுக்கோ விவசாயத்துக்கோ என்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் அலகு நீண்ட கத்தி இந்திய ஆயுத விதிகளின் பட்டியலிலேயே வந்துவிடுகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள்.