அப்பாவின் வலையில் பிடிபட்ட இலக்கணம்

நடந்து முடிந்ததற்கு ஆங்கிலத்தில் வருத்தப்படவே எனக்கு வெகுநாள் வரவில்லை. 'நான் போயிருந்தால்' என்பதற்கு 'இஃப் ஐ ஹேட் கான்' என்று எழுதாமல் 'இஃப் ஐ வுட் ஹேவ் கான்' என்றுதான் எழுதுவேன்; விடைத்தாளில் சிவப்புச் சுழி விழும்.

பாம்பன் கரையில் ஒரு சாயங்காலம், கிழிந்த வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டே அப்பா சொன்னார்: "நேத்தே எடுத்திருந்தா கிழிஞ்சிருக்காது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 'எடுத்திருந்தால்' என்பதற்கு 'ஹேட் டேக்கன்'. 'கிழிந்திருக்காது' என்பதற்கு 'வுடிண்ட் ஹேவ் டோர்ன்'. தமிழில் '-ஆல்' என்று முடியும் பக்கம் இஃப், ஹேட். மறுபக்கம் மட்டுமே வுட். அன்றிரவே தனுஷ்கோடியை வைத்து எழுதிப் பார்த்தேன். 1964 டிசம்பரில் புயல் அடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஊர் அழிந்திருக்காது: 'இஃப் த சைக்ளோன் ஹேடிண்ட் ஹிட், தனுஷ்கோடி வுடிண்ட் ஹேவ் பீன் டெஸ்ட்ராய்ட்.' சரியாக வந்தது. எழுதும்போது மனசு கனத்தது.

'எடுத்திருக்கணும்' என்றால் 'ஷுட் ஹேவ் டேக்கன்', அது சுலபம். 'போயிருக்கலாம்' என்பதில்தான் கவனம் வேண்டும். "அவர் கடலுக்குப் போயிருக்கலாம்" என்பது ஊகமானால் 'மே ஹேவ் கான்'. "நானும் போயிருக்கலாமே" என்ற ஏக்கமானால் 'ஐ விஷ் ஐ ஹேட் கான்'. இப்போதெல்லாம் வாக்கியத்தை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.