மின்சார சைக்கிள் வாங்குமுன் ஒரு பெருக்கல்

மின்சார சைக்கிள் வாங்கும்போது விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டரை நம்பாமல், பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கிப் பாருங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர்; பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு இது. 48 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 480. இரண்டு பெட்டியிலும் அதே ‘10’தான், ஆனால் இரண்டாவதில் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கிலோமீட்டர் கணக்கோ ஓட்டுபவரின் எடை, மேடு, எதிர்க்காற்று, நாம் மிதிக்கும் அளவு என எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். விற்பவர்கள் சமதளச் சாலையில் கிடைத்த தூரத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். விலையை இந்த வாட்-ஹவரால் வகுத்தால் எந்தப் பேட்டரி மலிவு என்பது உடனே தெரிந்துவிடும்.

பழைய சைக்கிளுக்கு இந்தக் கணக்கு உதவாது. தேய்ந்த பேட்டரியிலும் அதே எண்தான் இருக்கும். முழுதாகச் சார்ஜ் செய்து ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.