கோழிக் கருவின் நரம்பு வழி தேடுவதைப் பார்க்க ஒரு செய்முறை

வளரும் கருவில் நரம்பு செல்கள் எப்படி இணைகின்றன என்று கேட்டால், எங்கள் எம்.எஸ்சி. மாணவர்கள் உடனே சினாப்ஸின், அதாவது இரண்டு நரம்பு செல்கள் இணையும் இடத்தின், படத்தை வரைந்து காட்டுவார்கள். அந்தப் படத்தில் வேலை முடிந்துபோயிருக்கிறது. அதற்கு முந்தைய கட்டம்தான் எனக்குப் பிடித்தது: நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்சான் எங்கேயும் போய்ச் சேராமல், நுனியால் தடவித் தடவி வழி பார்க்கிற கட்டம். கோழிக் கருவிலிருந்து எடுத்த ஒரு துளி நரம்புத் திரளை வைத்து அதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். செல் வளர்ப்பு வசதி உள்ள எந்தத் துறையிலும் முடியும். ஆய்வகத்தில் நான் சொல்லிக்கொடுக்கிற முறையை அப்படியே எழுதுகிறேன். தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பற்றிப் பேசிவிடுங்கள்.

முதலில் முட்டை. கடை முட்டையில் கரு இருக்காது. பொரிப்பகத்தில் சொல்லி, அடைக்கு வைக்கிற முட்டை வாங்க வேண்டும். இன்குபேட்டரில் 37.5 முதல் 38 டிகிரி வெப்பம், உள்ளே ஒரு தட்டில் தண்ணீர், தினமும் சில தடவை திருப்பிவிடுவது, இவ்வளவு போதும். ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள் எடுங்கள். நாள் தள்ளிப்போனால் எலும்பு கெட்டிப்பட்டு, பிரித்தெடுப்பது சிரமமாகிவிடும்.

முட்டையை உடைக்கும் முன்பே கண்ணாடி தயாராக இருக்க வேண்டும். கவர்ஸ்லிப்பில், செல்களை ஒட்டவைக்கும் பாலிலைசின் பூசி நன்றாகக் கழுவி, அதன் மேல் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் அளவில் லேமினின் என்ற புரதத்தை ஊற்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். உறைந்த லேமினினை ஃபிரிட்ஜிலேயே மெதுவாக உருக விட வேண்டும். வெளியே வைத்து அவசரப்படுத்தினால் கூழாகிவிடும். பூசியது காயவும் கூடாது. இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. கருவுக்குள் ஆக்சான்கள் ஊர்ந்துபோகிற பாதைகளிலும் லேமினின் இருக்கிறது. ஆக்சானின் நுனி பிடித்து முன்னேற அதற்கு ஒரு தரை வேண்டும்.

மீடியம், அதாவது செல்களை வளர்க்கும் கரைசல், எளிது: எஃப்12 என்று ஆயத்தமாகக் கிடைக்கும் கரைசல், 10 சதவீதம் சீரம், பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின். அதை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் மட்டும் நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப் சேர்க்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 நானோகிராம். என்ஜிஎஃப் இல்லாத டிஷ் வீண் செலவு என்று தோன்றும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். பாதிப் பாடம் அந்த டிஷ்ஷில்தான் இருக்கிறது.

இனி கை வேலை. முட்டையின் அகன்ற பக்கத்தை மேலே வைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, காற்றறையின் மேல் ஓட்டைத் தட்டித் திறங்கள். வளைந்த ஃபோர்செப்ஸைக் கருவின் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, தலையை உடனே துண்டித்துவிட்டு, குளிர்ந்த உப்புக் கரைசல் உள்ள டிஷ்ஷில் மல்லாக்க வையுங்கள். டிசெக்ஷன் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வயிற்றைத் திறந்து, குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிட்டால் முதுகெலும்பு தெரியும். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். தண்டுவடத்தின் இரு பக்கமும், கோத்த பாசிமணி மாதிரி வரிசையாக, பால் வெள்ளையில் சின்னச் சின்ன உருண்டைகள். அவைதான் முதுகு வேர் கேங்கிலியான்கள், அதாவது நரம்பு செல் திரள்கள். ஆய்வகத்தில் டிஆர்ஜி என்போம். தொடுதல், வலி, சூடு எல்லாம் தண்டுவடத்துக்குள் போவது இவற்றின் செல்கள் வழியாகத்தான்.

கால் பக்கத்தில் உள்ளவை பெரியவை, அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் எண் நுண் ஃபோர்செப்ஸால் உருண்டையைப் பிடிக்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் நரம்பைப் பிடித்து இழுங்கள். உருண்டை நசுங்கினால் செல்கள் செத்துவிடும். வெளியே வந்ததும் ஒட்டியிருக்கும் வேர்களையும் சவ்வையும் நறுக்கிவிடுங்கள். சுத்தமாக நறுக்கிய திரளிலிருந்துதான் ஆக்சான்கள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கிளம்பும். பிபெட் நுனியைச் சீரம் கலந்த மீடியத்தில் ஒரு தடவை நனைத்துவிட்டுத் திரளை உறிஞ்சுங்கள். உலர்ந்த பிளாஸ்டிக்கில் அது ஒட்டிக்கொண்டால் திரும்பி வராது.

கவர்ஸ்லிப்பில் மீடியம் குறைவாக இருக்கட்டும், திரள் மிதக்காத அளவுக்கு. இன்குபேட்டருக்குள் வைத்த பிறகு முதல் இரண்டு மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். ஒட்டிக்கொண்ட பிறகு மீதி மீடியத்தை ஓரமாக விடலாம். அப்புறம் மறுநாள் காலை வரை விட்டுவிடுங்கள்.

காலையில் முதலில் 10எக்ஸில் இரண்டு டிஷ்ஷையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ஜிஎஃப் உள்ளதில் திரளைச் சுற்றி அடர்ந்த ஒளிவட்டமாக ஆக்சான்கள் விரிந்திருக்கும். இல்லாததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள், அவ்வளவுதான். 1952இல் ரியோ டி ஜெனிரோவில் இத்தாலிய ஆய்வாளர் ரீட்டா லெவி-மொந்தால்சினி பார்த்தது இதே ஒளிவட்டம். அவர் கேங்கிலியானுக்குப் பக்கத்தில் வைத்தது ஒரு எலிக் கட்டித் துண்டு; என்ஜிஎஃப் என்ற பொருள் அப்போது பிரித்தெடுக்கப்படவில்லை. முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, போர்க்காலத்தில் டூரினில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, தீட்டிய தையல் ஊசிகளால் கோழிக் கருவை அறுத்துப் பார்த்தவர் அவர். அந்தப் பொறுமைக்குப் பிறகு வந்ததுதான் ரியோ. 1986இல், என்ஜிஎஃப்பைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். நல்ல ஃபோர்செப்ஸ் இல்லை என்று மாணவர்கள் அலுத்துக்கொள்ளும்போது இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க எனக்கு முடிவதில்லை.

இரண்டு டிஷ்ஷுக்கும் உள்ள வித்தியாசம் உடலில் என்னவாகிறது? தோல் போன்ற இலக்குத் திசுக்கள் என்ஜிஎஃப்பைக் கொஞ்சமாகத்தான் சுரக்கின்றன. போய்ச் சேர்ந்து அதைப் பெற்ற செல் பிழைக்கும், பெறாதது மடியும். கரு முதலில் தேவைக்கு மேல் நரம்பு செல்களை உண்டாக்குகிறது. தண்டுவடத்தின் இயக்க நரம்பு செல்களுக்கு வேண்டியது என்ஜிஎஃப் அல்ல, வேறு காரணிகள்; ஆனாலும் அவற்றிலும் ஏறக்குறைய பாதி இதே மாதிரிதான் போய்விடுகின்றன. இது நோய் அல்ல, இயல்பான வளர்ச்சி.

இப்போது 40எக்ஸ் லென்ஸ், சாயமில்லாமலே செல்லைத் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட். ஒளிவட்டத்தின் விளிம்புக்குப் போய், தனியாக நிற்கும் ஒரே ஒரு ஆக்சானின் நுனியைத் தேர்ந்தெடுங்கள். 1890இல் ஸ்பானிய ஆய்வாளர் ரமோன் இ காஹால், உயிரில்லாத, சாயமேற்றிய கோழிக் கரு சீவல்களில் கண்டு பெயரிட்ட வளர்ச்சிக் கூம்பு அதுதான். அமெரிக்க ஆய்வாளர் ராஸ் ஹாரிசன் 1907இல் தவளைக் கரு நரம்பை நிணநீர்ச் சொட்டில் வளர்த்து, அது உயிரோடு நகர்வதைக் காட்டினார். டிஷ் சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போனால் கூம்பு நின்றுவிடும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு படம் என்று அரை மணி நேரம் எடுங்கள். கேமரா இல்லையென்றால் கண்ணாலேயே பாருங்கள், ஆனால் வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். கூம்பின் விளிம்பிலிருந்து மெல்லிய நீட்சிகள் வெளியே வரும், அலையும், பெரும்பாலானவை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்று எங்கேயாவது ஒட்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் அதன் அடியில் சவ்வு பரவி நிரம்பும், பின்னாலேயே ஆக்சானின் தண்டு அந்தப் பக்கம் திரும்பும். மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர்தான் வேகம். எதிரே வேறொரு ஆக்சான் வந்தால் சில கூம்புகள் தாண்டிப்போகும், சில அதையே பற்றிக்கொண்டு கூடவே போகும். உடலில் நரம்புக் கட்டுகள் உண்டாவது இந்த இரண்டாவது வகையால்.

கையில் காசு இருந்தால், கூம்புகளை விலக்கும் புரதமான செமாஃபோரின் 3ஏ கொஞ்சம் வாங்கி இன்னொரு டிஷ்ஷில் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் வெறும் கரைசல் மட்டும் சேர்த்த டிஷ் ஒன்று இருக்கட்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் விரிந்திருந்த கூம்புகள் சுருங்கி வெறும் நூல் முனையாகிவிடும். 1993இல் ஜோனதன் ரேப்பரின் குழு கோழி மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது இதே சோதனையை வைத்துத்தான். கருவின் தண்டுவடத்தில் வயிற்றுப்பக்கப் பாதி இதைச் சுரப்பதால், வலி, சூட்டுக்கான ஆக்சான்கள் முதுகுப் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. ஈர்ப்பு மட்டும் போதாது, விலக்கும் வேண்டும்.

இந்த டிஷ்ஷில் சினாப்ஸைத் தேடாதீர்கள். டிஆர்ஜி செல்கள் தங்களுக்குள் பொதுவாக இணைவதில்லை. அதற்குத் தண்டுவடச் செல்களையும் சேர்த்து வளர்க்க வேண்டும், அது வாரக்கணக்கான வேலை.

பாதுகாத்து வைக்க: சர்க்கரை சேர்த்த 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடை 37 டிகிரிக்குச் சூடாக்கி, டிஷ்ஷின் ஓரமாக மெதுவாக விடுங்கள். குளிராக ஊற்றினாலும் வேகமாக ஊற்றினாலும் கூம்புகள் சுருங்கும், செமாஃபோரினின் விளைவா உங்கள் கையின் விளைவா என்று தெரியாமல் போகும். அரை மணி நேரம் கழித்துக் கழுவி, கூம்பில் உள்ள ஆக்டின் என்ற இழைப் புரதத்துக்கு ஃபலாய்டின் சாயம், தண்டுக்கு அதிலுள்ள டியூபுலின் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடி என்று சாயமேற்றலாம். அன்றே முடியாவிட்டால் உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, மூடி ஒட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.