கிராம சபையில் இளைஞர் மன்றத்தின் குரல் பதிவாக வேண்டுமானால்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள் என்பதால், 18 வயது நிறைந்தவர்கள் முதலில் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

ஊர் இளைஞர் மன்றம் இரண்டு வாரங்களுக்கு முன்பே கூடி, ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பத்துக் கோரிக்கைகளை ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. வாக்குரிமை இல்லாத பள்ளி மாணவர்களிடமும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடமும், தனியே அமர்ந்து கேளுங்கள். மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எந்தெந்தக் கம்பங்களில் விளக்கு எரிவதில்லை என்பதை அவர்களைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் ஊரில் இல்லை. தெருப் பெயர், கம்ப எண், எத்தனை நாள்களாக எரியவில்லை என்ற விவரம் மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

மனுவை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். கூட்டத்தில் பேச, அந்த இருட்டில் நடப்பவரையே எழுப்புங்கள்.

பேசுவதைவிட முக்கியமானது பதிவேடு. கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துவைத்து, அடுத்த கிராம சபையில் அதன் நிலையை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.