ஊருக்குப் போகும் நாட்களில் உங்கள் ஹைபிரிட் கார்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தோருக்கு

ரொறன்ரோவுக்கு வந்து வேலையும் வீடும் ஓரளவு ஒழுங்கானதும் நம்மவர்களில் பலர் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்குகிறார்கள். பெற்றோல் மிச்சமாகும் என்பதோடு, ரொயோட்டாவின் அக்வா, பிரியஸ் போன்றவற்றை இலங்கையிலேயே பார்த்தும் ஓட்டியும் பழகியிருப்பதும் அதற்குக் காரணம். நாளாந்தம் ஓடுகின்ற வரையில் இவ்வண்டிகள் அதிகம் தொல்லை தருவதில்லை. மார்கழியிலோ தையிலோ ஐந்தாறு கிழமைகள் ஊருக்குப் போய்விட, வண்டி பனிக்குள் அசையாமல் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எனது முதற் குளிர்காலத்தில், 2010 ஆம் ஆண்டுப் பிரியஸை ஸ்காபரோவில் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த திறந்த தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ஐந்து கிழமைகள் யாழ்ப்பாணத்தில் நின்றேன். திரும்பி வந்த மறுநாட் காலை வேலைக்குப் புறப்பட்டுத் திறப்பின் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குக்கூட மினுங்கவில்லை. அந்த வண்டியின் சிறிய பற்றரி பின்பெட்டியின் வலது மூலையில் இருக்கிறது. பின்கதவோ மின்சாரத்தால் திறப்பது. பற்றரியில் மின் இல்லாததால் கதவு திறக்கவில்லை, கதவு திறக்காததால் பற்றரியை எட்ட முடியவில்லை. திறப்புக்குள்ளே செருகியிருக்கும் சிறிய இரும்புத் திறப்பை உருவி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கலாம் என்பதும், முன்மூடிக்குக் கீழே பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட முனை ஒன்று வெளியிலிருந்து மின் கொடுப்பதற்கென்றே இருக்கிறது என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கு அது இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹைபிரிட் வண்டியில் இரண்டு பற்றரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பற்றரி, அந்தப் பிரியஸில் 28 தொகுதிகளைத் தொடராக இணைத்து ஏறத்தாழ 202 வோல்ற் தருவது. மற்றது எல்லாக் கார்களிலும் உள்ளது போன்ற 12 வோல்ற் ஈயப் பற்றரி. எஞ்சினைச் சுழற்றி இயக்குவது பெரியதன் வேலை. கணினிகளை விழிக்கச் செய்வதும், பெரிய பற்றரியை வண்டியோடு இணைக்கும் மின்தொடுப்பை மூடுவதும் சிறியதன் வேலை. வண்டியை நிறுத்தியதும் பாதுகாப்புக்காக அந்தத் தொடுப்பு திறந்துகொள்வதால், பெரியதில் எவ்வளவு மின் இருந்தாலும் சிறியதற்கு ஒரு துளிகூடப் போய்ச் சேராது. ஊரிலிருந்து திரும்பியதும் வண்டி இயங்கவில்லை என்றால் பலரும் பெரிய பற்றரி பழுதாகிவிட்டதாகப் பயந்து ஆயிரக்கணக்கான டொலரை எண்ணிக் கலங்குகிறார்கள். அனேகமாக இறந்திருப்பது சிறியதுதான்.

நிறுத்தி வைத்த வண்டியும் முழுவதும் உறங்குவதில்லை. களவைத் தடுக்கும் எச்சரிக்கை மணி, திறப்பின் அலையைத் தேடிக்கொண்டிருக்கும் கருவி, கடிகாரம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அது 0.7 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். ஒரு மாதத்தில் ஏறத்தாழ 22. எஞ்சினைச் சுழற்றத் தேவையில்லாததால் இந்தப் பற்றரியைச் சிறியதாகவே செய்கிறார்கள். 45 ஆம்பியர்-மணி கொள்ளும் பற்றரியில் பாதி ஒரு மாதத்தில் போய்விட, மிச்சத்தின் வலுவைக் குளிர் மேலும் குறைக்கிறது. முழுச் சார்ஜோடு இருக்கும் பற்றரி -40 பாகையிலும் உறையாது. முற்றாக வடிந்தது -10 பாகையிலேயே உறையக்கூடும். உறைந்த பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதோ, வெளியிலிருந்து மின் கொடுத்து வண்டியை இயக்கும் பூஸ்ட் கொடுப்பதோ ஆபத்து.

ஆகவே பயணத்துக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னரே ஒரு மல்ரிமீற்றரை எடுத்து, இரவு முழுவதும் நின்ற வண்டியின் சிறிய பற்றரியைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே இறங்கியிருந்தால், அதுவும் பற்றரிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், போகுமுன் மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் எட்டுமானால், பற்றரியைப் பராமரிக்கும் சிறிய சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போவதைவிடச் சிறந்த வழி இல்லை. பற்றரி, அமிலத்தைக் கண்ணாடியிழைப் பஞ்சில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். வகையா என்று அதன் மேலே எழுதியிருப்பதைப் பார்த்து, அதற்குரிய அமைப்பு உள்ள சார்ஜரையே வாங்க வேண்டும். நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் கட்டட நிர்வாகத்தின் அனுமதியின்றி எதையும் செருகாதீர்கள்.

மின்சாரம் இல்லையென்றால், நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுத்துக் கிழமைக்கு ஒருமுறையாவது வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். கடைக்குப் போய்வரும் ஐந்து நிமிடம் போதாது. வடிந்த பற்றரிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் வேண்டும். நிற்கவைத்தே இயக்கினால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ரொறன்ரோ மாநகரில் 60 நிமிடத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவதற்கு விதிப்படி தடை உண்டு. ஹைபிரிட் வண்டியின் எஞ்சினோ பெரிய பற்றரி குறையும்போதெல்லாம் தானாகவே இயங்கத் தொடங்கும். அதே காரணத்தால் மூடிய கராஜுக்குள் ஒருபோதும் வண்டியை இயங்கு நிலையில் விடாதீர்கள். சத்தமில்லாமல் நிற்கிறதே என்று உள்ளே போய்விட்டால், சற்று நேரத்தில் எஞ்சின் இயங்கி, மணமோ நிறமோ இல்லாத காபன் மொனொக்சைட்டு வாயு வீட்டுக்குள் புகும். இதில் ஒரு முறைகூடத் தவறக்கூடாது.

உதவிக்கு வருபவருக்கு இன்னொன்றை நேரில் காட்டிக்கொடுங்கள். பிறேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை அழுத்தினாலும் திரையும் வானொலியும் வேலை செய்யும். ஆனால் அவை சிறிய பற்றரியை உறிஞ்சுகின்றன, சார்ஜ் ஏறுவதில்லை. பிறேக்கை அழுத்தி மிதித்துப் பொத்தானை அழுத்தி, 'ரெடி' என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்தால்தான் பெரிய பற்றரி இணைந்து சிறியதற்கு மின் கொடுக்கும். நிற்கும் நேரத்தில் கியர் 'பி'யில் இருக்க வேண்டும். 'என்'னில் விட்டால் எஞ்சின் ஓடினாலும் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது.

காப்புறுதியையும் யோசியுங்கள். பயணக் காலத்தில் பணம் மிச்சம் பிடிக்க வீதியில் ஓட்டுவதற்கான காப்புறுதியை இடைநிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்நாட்களில் எவரும் வண்டியை வீதிக்கு எடுக்கக்கூடாது. பற்றரிக்காக ஒரு சுற்றுப் போய் வருவதும் குற்றமாகும். அவர்களுக்குச் சார்ஜர்தான் வழி.

திறப்பை வண்டிக்கு அருகில் வைக்காதீர்கள். கராஜ் சுவரில் காருக்குப் பக்கத்திலேயே தொங்கவிடும் திறப்போடு வண்டி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். இரண்டு மீற்றருக்கு அப்பாலாவது இருக்கட்டும். பின்பெட்டி விளக்கு அணைகிறதா, கமரா போன்றவை செருகியபடியே இருக்கின்றனவா என்பதையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

பெரிய பற்றரியைப் பற்றி ஒரு மாதப் பயணத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை. அதுவும் மெல்ல வடியும். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரமோ 16 கிலோமீற்றரோ ஓடினால் போதும் என்கிறது ரொயோட்டாவின் கையேடு. ஆறேழு மாதங்கள் அப்படியே விட்டு அது அடிமட்டத்துக்குப் போனால்தான் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. விசேட கருவி உள்ள இடத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். வீட்டு மின்னில் செருகும் வகை ஹைபிரிட் என்றால் முழுச் சார்ஜிலும் விடாமல், வெறுமையாகவும் விடாமல், பாதியளவில் விட்டுப் போங்கள்.

இவ்வளவும் செய்தும் திரும்பி வந்த அன்று வண்டி விழிக்காவிட்டால் சி.ஏ.ஏ. போன்ற வீதி உதவிச் சேவையை அழைக்கலாம், அல்லது கைக்கடக்கமான பூஸ்ட் கருவியைப் பயன்படுத்தலாம். இங்கே எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சிறிய கருவியே போதும். அதைக் கார் பெட்டிக்குள் வைக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனையில் நேர் இணைப்பு, வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் எதிர் இணைப்பு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பழுதாவது பியூஸ் மட்டுமாக இராது. பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தம் பாயும், செம்மஞ்சள் உறை போட்ட கம்பிகளில் கை வைக்கவே கூடாது. வண்டி 'ரெடி'க்கு வந்ததும் அணைக்காமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுநாட் காலை மீண்டும் அளந்து பாருங்கள். 12.4க்கு மேல் நிற்கவில்லையென்றால் புதிய பற்றரி வாங்கும் நேரம் வந்துவிட்டது; வாங்கும்போது, பற்றரி வண்டிக்குள்ளே இருக்கும் மாதிரிகளில் வாயுவை வெளியேற்றும் சிறு குழாயைப் பழையபடி பூட்டினார்களா என்று நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.