முதுகு பெல்ட்டைச் சரியாக அணிவது எப்படி?

பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் கூன் தானாக நிமிர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. நீங்கள் குனியும்போது பெல்ட் லேசாக இழுத்துப் பிடித்து, நிமிரச் சொல்லி நினைவூட்டுகிறது. நிமிர்த்தி வைக்கும் வேலை தசைகளுடையது. பெல்ட்டை எப்படி அணிய வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில்: உங்களுக்கு எது தேவை?

தோள்கள் முன்பக்கம் சரிந்து மேல்முதுகு வளைகிறது என்றால், இரு தோள்களையும் சுற்றிப் பின்னால் இழுக்கும் பட்டை போதும். இடுப்புக்கு மேலே கீழ்முதுகில் வலி என்றால் அகலமான இடுப்பு பெல்ட். இது வயிற்றைச் சுற்றி அழுத்தம் கொடுத்து, கீழ்முதுகில் உள்ள 5 முள்ளெலும்புகளுக்குத் துணை நிற்கிறது. சட்டென்று குனிவதையும் திரும்புவதையும் மட்டுப்படுத்துகிறது.

வளரும் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் கடையில் வாங்கும் பெல்ட் உதவாது. அதற்கு மருத்துவர் அளவெடுத்துச் செய்யச் சொல்லும் கெட்டியான உறைதான் வேண்டும்.

கால் மரத்துப்போவது, கால் பலவீனம், காய்ச்சலோடு முதுகுவலி, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, இவை இருந்தால் பெல்ட் வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அது அவசர நிலை. கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்களும் கேட்டுவிட்டே அணிய வேண்டும்.

அளவு

பேண்ட் அளவை வைத்து வாங்காதீர்கள். நின்றபடி, வயிற்றை உள்ளிழுக்காமல், தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப்பைச் சுற்றி அளந்து, பாக்கெட்டில் உள்ள அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

அணியும் முறை

மெல்லிய பருத்தி பனியன் மேல் அணியுங்கள். வெறும் தோலில் கட்டினால் வியர்த்து அரிக்கும், புண்ணாகவும் கூடும். பெல்ட்டின் பின்பக்கம் கெட்டியான பட்டைகள் இருக்கும். அவற்றின் நடுப்பகுதி முதுகெலும்பின் மேல் வரட்டும். கீழ்விளிம்பு புட்டத்தின் மேற்பகுதியைத் தொட வேண்டும். பலரும் விலா எலும்பு வரை ஏற்றிக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால் வலிக்கும் இடத்துக்குத் துணையே கிடைக்காது, மூச்சுவிடவும் சிரமமாக இருக்கும்.

நேராக நின்று மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். அப்போது முன்பக்க ஒட்டுப்பட்டியை ஒட்டுங்கள். அப்புறம் பக்கவாட்டு எலாஸ்டிக் பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இழுத்து ஒட்டுங்கள். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் பெல்ட் கோணலாகிவிடும்.

இப்போது சோதித்துப் பாருங்கள். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், ஆழமாக மூச்சிழுக்க முடிய வேண்டும். நாற்காலியில் உட்காருங்கள், கீழ்விளிம்பு தொடையில் குத்தினால் சிறிது மேலே ஏற்றுங்கள். தோள்பட்டை வகை என்றால் பட்டை அக்குளை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். கை விரல்கள் மரத்தால் உடனே தளர்த்துங்கள். நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்குத் தோள்களை இழுப்பதும் தவறு. காது, தோள், இடுப்பு ஒரே நேர்க்கோட்டில் வந்தால் போதும்.

எவ்வளவு நேரம்?

முதல் சில நாட்கள் 20 முதல் 30 நிமிடம். தொந்தரவு இல்லையென்றால் மெதுவாகக் கூட்டலாம். நிமிர்ந்து உட்காரப் பழகுவதற்கு என்றால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதுமானது. மருத்துவர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. தூங்கும்போது கழற்றிவிடுங்கள், சாப்பிட்டவுடன் இறுக்கிக் கட்ட வேண்டாம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். லேசான தடம் சீக்கிரம் மறைந்துவிடும். மறையாத சிவப்பு என்றால் இறுக்கம் அதிகம்.

துவைக்கும்போது உள்ளே இருக்கும் கம்பிகளை எடுத்துவிட்டு, ஒட்டுப்பட்டியை மூடி, கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பெல்ட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டியது

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். பெல்ட்டைக் கழற்றியதும், தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், அதுவும் 10 முறை. வலி கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். வலி குறைந்து தசை பலப்பட்ட பிறகு, பெல்ட் போடும் நேரத்தை வாரா வாரம் குறையுங்கள். கடைசியில் பாரம் தூக்கும்போதும் நீண்ட பயணத்திலும் மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.