களப்பணிப் பதிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் களப்பணிக்கு வரும் சமூகப்பணி மாணவர்களின் குறிப்பேடுகளில் ஆண்டுதோறும் அதே பிழைகளையே காண்கிறேன். தேதியும் கையொப்பமும் விடுபடுவதை இங்கே பேசவில்லை. அதை எவரும் சொல்லித் திருத்திவிடலாம்.

கருத்தைத் தகவலாக எழுதுவது

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டுக்குச் சென்று வந்த மாணவர், "தாய்க்குப் பிள்ளைமீது அக்கறை இல்லை" என்று எழுதியிருந்தார். பேசிய நேரம் முழுவதும் அந்தத் தாய் மடியிலிருந்த சுளகைவிட்டுக் கண்ணெடுக்கவில்லையாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், கடையில் ஒப்படைக்கும் நேரம் நெருங்கும்போது வேறெங்கே பார்ப்பார்?

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இன்றுவரை எரிச்சல் இருக்காது. அடுத்து வந்தவர் அவ்வரியை "ஏற்கெனவே பதிவாகியுள்ளபடி" என்று எடுத்தெழுத, மூன்றாமவரின் அறிக்கையில் அது "உறுதியாகிறது" என்றாயிற்று. இடையில் ஒருவரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. மறுவிசாரணை முடியும்வரை பிள்ளை வீடு திரும்பாமல் குழந்தைகள் இல்லத்திலேயே இருக்க நேர்ந்தது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சமூக விசாரணை, அதாவது குழந்தையின் குடும்பச் சூழலை விசாரித்து அறிவது, 15 நாட்களுக்குள் முடிய வேண்டும். அந்த அவசரத்தில் பழைய கோப்பைப் பார்த்து எழுதும் ஆசை வரும் என்பதால்தான், கண்டதையும் கேட்டதையும் கருதுவதையும் தனித்தனியே எழுதச் சொல்கிறேன்: "மாலை 4 மணி. தாய் பீடி சுற்றியபடியே பதில் கூறினார். மகளின் வகுப்பாசிரியர் பெயரைக் கேட்டதும் சொன்னார். தந்தை குடிப்பவர் என்று பக்கத்து வீட்டுப் பெண் கூறினார். நான் நேரில் காணவில்லை." இப்படி எழுதியிருந்தால், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் இருப்பவர்கள் எதை நம்புவது, எதை மேலும் விசாரிப்பது என்று தாமே முடிவுசெய்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது

குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எங்கள் குழுவுக்குள்தான் அனுப்பினேன்" என்பது பதிலாகாது.

வெள்ளை மை பூசுவது

தவறாக எழுதியதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அவ்வளவே.

கோப்புகளைக் கீழ்த்தட்டில் அடுக்குவது

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் நகருக்குள் புகுந்ததைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோப்புகள் மேல்தட்டில் இருக்கட்டும்; கோப்பு எண், தொடங்கிய தேதி, பொறுப்பாளர் ஆகியவை அடங்கிய பதிவேட்டின் படி ஒன்று வேறு கட்டடத்தில் பூட்டப்பட்டிருக்கட்டும்.